சந்தனம் வைத்த இடம்

பைக் பட்டறையில் இருபது வருடம் இரும்போடு பழகியவன் நான். இரும்பு உடைவதற்கு முன்னால் வளையும், பெயிண்ட் உரியும், கிரீச்சிடும். எப்படியாவது சொல்லிவிடும். தம்பி வாங்கி வந்த கார்பன் ஃபைபர் சைக்கிள் சொல்லாது என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளும் வாயும் எனக்கு இல்லை.

சென்னையில் யாரோ ஓட்டி விற்ற பந்தய சைக்கிள் அது. ஒரே கையால் தூக்கிவிடலாம். "துருவே புடிக்காதுண்ணா, நம்ம காலத்துக்கும் இருக்கும்" என்பான். மாவட்ட அணித் தேர்வுக்காகத் தினமும் காலையில் செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை வரை மிதித்துவிட்டு வருவான். ஒருநாள் ஆடு குறுக்கே ஓடி, சைக்கிள் பாலக் கட்டையில் மோதியது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. நான் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், கோட்டம் இல்லை. "ஒன்னும் ஆவல, ஓட்டுடா" என்றேன்.

நான்கு நாள் கழித்து ஆயுத பூஜை. ஸ்பானர், ஜாக்கி எல்லாவற்றையும் கழுவிய கையோடு அவன் சைக்கிளையும் துடைத்தேன். ஹேண்டிலுக்குக் கீழே குழாய் தொடங்கும் இடத்தில் மயிரிழையாக ஒரு கோடு. ஒரு ரூபாய்க் காசால் தட்டினேன். மற்ற இடமெல்லாம் 'டக் டக்'. அங்கே மட்டும் சத்தம் அமுங்கியது, உள்ளே விட்டுப்போனதுபோல.

"இன்னாண்ணா பாக்குற?" என்றான் பின்னாலிருந்து.

"ஒன்னுமில்ல. பெயிண்ட் கீறல்."

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தார். கோட்டைப் பார்த்தால் சைக்கிளைத் தொடவே விடமாட்டார். தேர்வுக்கு மூன்றே நாள். கிண்ணத்தை வாங்கி, கோட்டின் மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன். பூஜைப் பொட்டை எங்கள் வீட்டில் யாரும் துடைப்பதில்லை, தானாக உதிர வேண்டும்.

தேர்வன்று, ஒரு இறக்கத்தில் ஃபிரேம் அந்த இடத்திலேயே இரண்டாகப் போனது. நான் போய்ச் சேர்ந்தபோது சாலையோரம் கிடந்த துண்டில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவே இல்லை.

"கார்பன்னா அப்டித்தான், பிளாஸ்டிக்கு" என்று ஊர் பழித்தது. நானும் தலையாட்டினேன், வெட்கம் கெட்டவன். அடிபடாமல் இருந்திருந்தால் அது எங்கள் இருவரையும் தாண்டி உழைத்திருக்கும். அடிபட்டதை ஒதுக்கி வைத்திருக்க வேண்டியவன் நான்.

இந்த வருட ஆயுத பூஜைக்குத் தம்பி சக்கர நாற்காலியில் பட்டறைக்கு வந்தான். "இதுக்கும் பொட்டு வைண்ணா" என்றான். கிண்ணத்தோடு குனிந்தேன்.

"கோடு எதுனா இருக்குதான்னு பாத்துட்டு வைண்ணா."

அவன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அன்றைக்கே அவனும் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறான். கீறல்தான் என்று நான் சொன்னதை நம்பி ஏறியிருக்கிறான்.