ஜெயராணி அக்கா அழிக்காத டிஸ்க்

சென்ற வெள்ளிக்கிழமை எழுந்ததும் முதல் வேலையாக மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிறையுமுன் திருத்தங்கலிலிருந்து போன் வந்தது. ஜெயராணி அக்கா போய்விட்டார். எங்கள் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டி லேபிள்களை வடிவமைப்பது நான். கம்ப்யூட்டர்களைக் கவனித்தது அவர். அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பொறுமையும் தெரியும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

சில வருடங்களுக்கு முன், தீபாவளி சீசன் நெருங்கிய நேரத்தில் ஒரு மெஷினில் பழைய விண்டோஸ் 98-க்குப் பதிலாக எக்ஸ்பி ஏற்ற வேண்டியிருந்தது. சிடியைப் போட்டதும் டிஸ்க் முழுக்கக் காலி என்று திரை காட்டியது.

“பார்ட்டிஷன் எதுவும் தெரியல சார்,” என்றார் அக்கா.

“எந்தப் பார்ட்டியத் தெரியல? சாத்தூர்க்காரரயா?” என்றார் மேனேஜர்.

அக்கா சொன்னது டிஸ்க்கைப் பிரித்து வைத்த பகுதியை; எங்கள் ஊரில் ஆர்டர் தருபவர்தான் பார்ட்டி. அறையே சிரித்தது. மேனேஜரின் முகம் கறுத்துவிட்டது.

பழைய மெஷினுக்குப் பெரிய டிஸ்க்கை அடையாளம் காட்ட ஒரு சின்ன புரோகிராம் இருப்பதையும், நேரே சிடியிலிருந்து கிளப்பினால் அது ஓடாது என்பதையும் அக்கா விளக்கினார். “கண்ணுக்குப் படலைன்னா இல்லைன்னு ஆயிருமா? யாரும் தொட்டுறாதீக,” என்று சொல்லிவிட்டு, அதை ஓடவைக்கும் பிளாப்பியை எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனார்.

“காலின்னு அதுவே சொல்லுது. இதுக்கு இம்புட்டு வியாக்கியானமா?” என்றபடி மேனேஜர் புதுப் பார்ட்டிஷன் போட்டு, ஃபார்மட்டும் கொடுத்தார். “வேண்டாம் சார்!” என்ற என் கத்தலுக்கு அக்கா ஓடி வந்தார். அந்த டிஸ்க்கில் இருந்த சீசன் டிசைன்கள் எல்லாம் போயிருந்தன.

“அந்தம்மா அழிச்சிட்டாக,” என்று முதலாளியிடம் சொன்னார் மேனேஜர். நடந்ததை நான் சொன்னேன். “நீ அவளுக்குக் கூட்டு,” என்று முதலாளி என் வாயை அடைத்தார். அக்காவை அன்றே அனுப்பிவிட்டார்கள். அதன்பின் எந்த அச்சகமும் அவரைச் சேர்க்கவில்லை. எம். புதுப்பட்டியில் பட்டாசுப் பெட்டி ஒட்டப் போனார். பார்க்கப் போன என்னிடம், “இங்கன எதுவும் அழியாதுடி, வெடிக்கத்தான் செய்யும்,” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றுவரை அந்தப் பழி அவர் பெயரில்தான் இருக்கிறது.

இப்போது கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மேனேஜரே ஏற்பாடு செய்கிறார். “கீழ என் போட்டோவப் பெருசாப் போடும்மா. ஜெயராணி அம்புட்டு நல்லவ,” என்றார். தலையாட்டினேன்.

எதையும் அனுப்புமுன் திரையை இரண்டு தரம் படிக்கும் பழக்கம் அக்கா எனக்கு விட்டுப்போனது. போஸ்டரையும் அப்படியே படித்துவிட்டேன். மேனேஜரின் படம் அவர் கேட்டதுபோலப் பெரிதாகவே இருக்கிறது. அதன் கீழே ‘வருந்தும்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘டிஸ்க்கை அழித்தவர்’ என்று அடித்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது. நாளைக் காலை அச்சுப் பிளேட் போட அனுப்புவேன். நீங்கள் இதைப் படிக்கும்போது அது சுவரில் இருக்கும்.