விலக்கியதற்கான காரணம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த அக்காவைச் 'சல்லடை' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். எந்தத் துறைக்காரர் எந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், அதைப் பற்றி இதுவரை யார் யார் என்னென்ன ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று தேடி எடுத்து, தேறாததைத் தள்ளி, தேறியதைப் படித்து, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. என் வேலையும் அதுவே. நூலகத்தின் பின்பக்கம், தண்ணீர்க் குழாய் ஓடும் சுவரை ஒட்டிய அறையில், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டியபடி வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தோம்.

இந்த வேலைக்கு 'இலக்கிய மீளாய்வு' என்று பெயர். அந்தப் பெயரால் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அக்காவின் நாத்தனார், "எங்க அண்ணி நாள் முழுக்கக் கதைப் புத்தகம் படிக்கிறாங்க, அதுக்குச் சம்பளம் வேற" என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அக்கா திருத்தியதே இல்லை. "விடு, அப்படியாவது என்னைப் பார்த்துப் பொறாமைப்படட்டும்" என்பார்.

பாலத்து இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று ஒரு மாதம். வீட்டுப்பாடத்தால் பிள்ளைகளுக்கு நன்மை உண்டா என்று அடுத்த மாதம். பொறியியல்காரர்களோடு பெரிய தொல்லை இருக்காது. ஒரு பொருளுக்கு ஒரு சொல் வைத்திருப்பார்கள், அதைப் போட்டுத் தேடினால் போதும். சமூகவியல்காரர்கள்தான் பிராணனை வாங்குவார்கள். "ஒருத்தர் தனிமைங்கறார், இன்னொருத்தர் ஒட்டாமைங்கறார், மூணாமவர் புதுசா ஒரு சொல்லையே செஞ்சு வச்சிருக்கார். மூணு பேரும் பார்த்தது பூங்கா பெஞ்சுல உக்காந்திருந்த அதே ஆளைத்தான்" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. எந்த மாதிரி ஆய்வைச் சேர்ப்போம், எதைத் தள்ளுவோம் என்று படிக்கத் தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். "படிச்சப்புறம் கோடு போட்டா, மனசு இழுக்கற பக்கம் கோடும் வளைஞ்சிரும்" என்பார். பிறகு ஒவ்வொரு கட்டுரையையும் இருவரும் தனித்தனியாகப் படித்து 'சேர்' அல்லது 'விலக்கு' என்று குறிப்போம். அவர் குறித்தது எனக்குத் தெரியாது, நான் குறித்தது அவருக்குத் தெரியாது. கடைசியில் ஒப்பிட்டு, ஒத்துவராததைப் பேசித் தீர்ப்போம். பேசியும் தீராவிட்டால் துறைத் தலைவர் முடிவு செய்வார்.

ஒருநாள் செவிலியர் துறையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலேயே வைக்காமல், தாயின் வெறும் மார்பில் சாய்த்து வைத்தால் நல்லதா, கெடுதலா?

வழக்கமாக அக்கா கேள்வியைக் கேட்டதும் ஏதாவது ஒரு கிண்டல் வரும். அன்று வரவில்லை. "இதை நாம செய்யலாம்" என்றார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பதுதான் நான் அறிந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. எப்போதும்போல விதிகளை அவரே எழுதினார். மார்பில் வைத்த குழந்தைகளையும் பெட்டியில் இருந்த குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளை மட்டுமே சேர்ப்பது என்பது முதல் விதி.

படித்து முடித்து ஒப்பிட உட்கார்ந்தோம். ஏறக்குறைய எல்லாமே ஒத்துப்போயிற்று. ஒரே ஒரு கட்டுரைக்கு நான் 'விலக்கு' என்று குறித்திருந்தேன், அவர் 'சேர்' என்று குறித்திருந்தார். ஏதோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பழைய அறிக்கை. மார்பில் வைத்த குழந்தைகள் மட்டுமே அதில் இருந்தன, ஒப்பிட வேறு குழு இல்லை. புதிதாக வேலைக்கு வந்தவர்கூடத் தள்ளிவிடுவார்.

"என்னக்கா, சல்லடையிலயே ஓட்டையா?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"இதுல என் பொண்ணு இருக்கா."

அவர் அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்குப் போய், அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். இரண்டாம் வாரத்தில் இறந்த ஒரு குழந்தை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்று இருந்தது.

"அதே ஆஸ்பத்திரி, அதே வருஷம். ஒரு நர்ஸம்மா வந்து கேட்டாங்க, கையெழுத்துப் போட்டேன். ராத்திரி பகல்னு பார்க்காம மேலயே போட்டுக்கிட்டேன். உள்ளங்கை நீளம்தான் இருந்தா. கொஞ்சம் தேறின மாதிரிகூட இருந்துச்சு. அப்புறம் போயிட்டா."

அந்தப் பொடி எழுத்து வரியின் மேலேயே விரலை வைத்திருந்தார்.

"அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். பேசாம பெட்டியிலயே விட்டிருக்கலாமேன்னு. அவ்வளவுதான் சொன்னார். திரும்பச் சொல்லல. நானும் கேக்கல."

பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, "கட்டுரை எழுதினவங்க இவளை வெளிய வச்சாங்க. இப்ப நாம அந்தக் கட்டுரையையே வெளிய வைக்கிறோம்" என்றார்.

"தலைவர்கிட்ட விட்டுரலாம்க்கா. அவர் சேர்த்துக்கச் சொன்னாலும் சொல்வார்."

"எதுக்கு? என்னைப் பார்த்துப் பாவப்பட்டுச் சொல்வார். கோடு போட்டது நான்தானே."

அவரே 'சேர்' என்பதை அழித்து மாற்றினார். தள்ளிய கட்டுரைகளுக்கெல்லாம் காரணம் எழுதிப் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டும். 'ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லை' என்று தட்டினார். தட்டி முடித்தும் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் தலைவரிடம் போய், தன் பிள்ளை சம்பந்தப்பட்ட விஷயம் என்று முன்பே சொல்லாதது தவறு என்றும், இனி இதில் முடிவு சொல்லும் இடத்தில் தான் இருப்பது முறையல்ல என்றும் சொல்லிவிட்டு வந்தார். அவருடைய இடத்தில் செவிலியர் துறை ஆசிரியை ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி படித்தார்.

எல்லாம் முடிய மழைக்காலம் ஆகிவிட்டது. கிடைத்த விடையில் குழப்பம் இல்லை. மார்பில் வைத்ததால் கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை. அப்படி வைத்த குழந்தைகள்தான் அதிகம் பிழைத்திருந்தன. முடிவுரையை அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"அப்போ நான் தூக்கி வச்சதால இல்ல."

"இல்லக்கா."

"இவர்கிட்டச் சொல்லணும்" என்று அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது நடையிலேயே ஒரு வேகம் இருந்தது.

அவருடைய கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், அதிகம் பேசாதவர். அன்று வீட்டில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாராம். அக்கா நின்றபடியே படித்துக் காட்டியிருக்கிறார். கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றாராம்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்குச் சாயங்காலமே டாக்டர் என்கிட்டச் சொன்னார். நுரையீரல் வளரவே இல்லையாம். எங்க வச்சிருந்தாலும் தங்கியிருக்காதுன்னார்."

"அதை ஏன் என்கிட்டச் சொல்லல?"

"காலையில அப்படி ஒரு வார்த்தையை விட்டுட்டு, சாயங்காலம் எந்த முகத்தோட வந்து சொல்றது? நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் நீ பேச்சே எடுக்கல. மறந்துட்டே போலன்னு நினைச்சேன். எதுக்குக் கிளறணும்னு விட்டுட்டேன்."

இதை எனக்குச் சொன்னபோது அக்காவின் கண்கள் வற்றிப் போயிருந்தன. "ஊர் உலகத்துல யார் யாரோ எழுதினதை எல்லாம் தேடித் தேடிப் படிச்சேன். பக்கத்துல படுத்திருந்த மனுஷனைக் கேக்கல பாரு" என்றார்.

அந்த வாரமே தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவார். வந்ததும் வேலையில் இறங்கிவிடுவார், கிண்டலெல்லாம் நின்றுபோயிற்று. ஒருநாள் அவருடைய கணவர் நூலகத்துக்கு வந்தார். எண்ணெய்க்கறை படிந்த சட்டையோடு வாசலிலேயே நின்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அதன்பின் அவர் அடிக்கடி வந்தார்.

மழை விட்ட பிறகு அக்கா வீடு திரும்பினார். "சமாதானம் ஆயிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அப்படியெல்லாம் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் என் மேல நானே சுமத்திக்கிட்டது, இறக்கி வைன்னா உடனே இறங்கிருமா? அவரைப் பார்த்தா சில நேரம் கோபம் வருது, சில நேரம் அதுகூட வரல." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா இப்பத்தான் அவளைப் பத்திப் பேசிக்கிறோம். பிறந்ததும் அவர்தானே முதல்ல பார்த்தார். வெளிய கொண்டுவந்தப்போ கொட்டாவி விட்டாளாம். அத்தனூண்டு வாயைத் திறந்து."

என்னைப் பார்த்தார்.

"நான் மயக்கத்துல கிடந்தேன்ல, எனக்கு அது தெரியவே தெரியாது."