தகப்பனார் இலையில் வைத்த மனு

போகிக்கு மலாக்காவிலுள்ள கம்போங் செட்டி கிராமத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். நான் முதலில் போனது மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து வந்த முதல் போகிக்கு. அப்போது சிரம்பானில் ரப்பர் ஷீட் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. சரக்கு பார்க்க மலாக்கா போய்வந்ததில் பழகிய அர்ஜுனன் அபாங் (அபாங் என்றால் அண்ணன்) வீட்டுக்கு அழைத்திருந்தார்.

காலை ஏழரைக்குப் பஸ். ஐம்பது மைல் சொச்சம், கட்டணம் இரண்டு வெள்ளி. பத்தரைக்கு இறங்கி, கம்போங் செட்டி இருக்கும் காஜா பெராங்குக்கு அரை மணி நடந்தேன். (தொப்பி இல்லாமல் போன முட்டாள் நான்தான்.)

அபாங், பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்கள் வழிவந்த செட்டி வம்சம். பெயரும் சாமியும் நம்முடையவை, பேச்சு மட்டும் அவர்களுடைய மலாய். அதை இங்கே நம் தமிழில் தருகிறேன்; அப்பாவைக் குறிக்கும் ‘பாப்பா’வையும் வாக்கியக் கடைசியில் வரும் ‘லா’வையும் மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். ஊருக்கு வெளியே அவருக்கு மூன்று ஏக்கர் ரப்பர், காலஞ்சென்ற தகப்பனார் நட்டது. மரங்களில் பால் வற்றிவிட்டது. மேல்நாட்டு ஆலைகளே செயற்கை ரப்பர் செய்யத் தொடங்கியதில் விலையும் படுத்துவிட்டது. கிழட்டு மரங்களை வெட்டி, நல்ல ஒட்டுக்கன்று நட்டால் அரசாங்கம் உதவித்தொகை தரும். ஆனால் கன்று பால் தர ஆறேழு வருடமாகும். அதுவரை குடும்பம் எப்படி ஓடும்? மனு கொடுக்க மறுநாள்தான் கடைசி.

அன்று பார்ச்சு என்ற போகிப் படையல். முன்னோர்களுக்கு வாழையிலையில் படைத்துவிட்டு, அவர்கள் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தி எல்லோரும் வெளியே நின்றோம். அபாங் யாரிடமும் சொல்லாமல் மனுவைத் தகப்பனாருக்குப் போட்ட இலையோரம் வைத்திருக்கிறார். கதவைத் திறந்தால், கோழிக் குழம்பு வழிந்து மனு முழுக்க ஊறியிருந்தது.

“பாப்பா வேணாம்னு சொல்லிட்டாங்க லா,” என்றார் அவர் மனைவி கமலா.

“வேணாம்னா தொட்டிருக்கவே மாட்டாரு. இது கைநாட்டு லா,” என்றார் அபாங்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அபாங் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

மறுநாள் பொங்கலானாலும் அரசாங்க அலுவலகம் திறந்திருந்தது, நானும் கூடப் போனேன். குமாஸ்தா மனுவை முகர்ந்து பார்த்துவிட்டுப் புதுத் தாள் கொடுத்தார். அபாங் கையெழுத்துப் போட்டார். அதன்பின் கன்றுகளுக்கு இடையில் மரவள்ளியும் வாழையும் போட்டு, கிடைத்த கூலி வேலைக்கெல்லாம் போய் ஒருவழியாகக் காலத்தை ஓட்டினார்கள்.

ஏழு வருடம் கழித்து வந்த போகிக்கும் போயிருந்தேன். புது மரத்தின் முதல் ஷீட்டைத் தகப்பனார் இலையோரம் வைத்தார் அபாங். நாற்றம் தாங்கவில்லை என்று கமலா முணுமுணுத்தார்.

“பாப்பா நிதானமா சாப்பிடட்டும். இதுல குழம்பு ஊறாது லா,” என்றார் அபாங்.

அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். நீங்கள் போனால் முற்பகலிலேயே போய்விடுங்கள். தெரிந்தவர் அழைத்தால் மட்டும் வீட்டுக்குள் நுழையுங்கள். கதவு சாத்தினால் அவசரப்படாமல் வெளியே நில்லுங்கள். ஏழு வருடம் காத்திருந்த வீடு அது.