கிணறு இருந்த இடம்

மலேசியாவில் லூமுட், ஈப்போ என்று ஊர் ஊராகக் கட்டட வேலை பார்த்துவிட்டு, நான் பிறந்த ரப்பர் தோட்டத்துக்கே திரும்பினேன். தோட்டத்தை அழித்து அங்கே வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கிடைக்கும் என்று நம்பியிருந்த சூப்பர்வைசர் வேலைக்கு வேறொருவர் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். இஸ்திரி போட்ட சட்டை, சேறு அப்பிய பூட்ஸ். யார் எதைச் சொன்னாலும் எழுதி, அவர்களிடமே படித்துக் காட்டி, "சரியா எழுதியிருக்கேனா?" என்பார். தோட்டத்துக் கோயில் கமிட்டி, வீடு வாங்கியவர்கள், முதலாளி என எல்லோரும் அவரிடம் தணிந்து பேசினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முதல் நாள், "இங்க எதெல்லாம் தப்பாப் போகலாம்?" என்று எங்களை ஒவ்வொருவராகக் கேட்டார். மூன்றாவது வீடு வரப்போகும் இடத்தில் பழைய கிணறு ஒன்று அரைகுறையாக மூடிக் கிடப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் பெயர் கெடட்டும் என்று பேசாமல் இருந்தேன்.

"அண்ணே, நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"நான் கூலிக்காரன் லா, தம்பி. என்னைக் கேட்டு என்ன ஆவப்போவுது?"

"குழியில எறங்கப்போறது நீங்கதானே. சொல்லுங்கண்ணே."

சொல்லிவிட்டேன். வழக்கம்போல எழுதிப் படித்துக் காட்டினார். கிணற்றைத் தேடி நிரப்பிய பிறகே வேலை தொடங்கியது. முதலாளி அவரைத்தான் பாராட்டினார், அதைக்கூட மறந்துவிடலாம். அந்த வேலை எனக்கு வந்திருந்தால், என்னைப் போன்ற ஒருவனை நான் கேட்டிருக்கவே மாட்டேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.