சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் என் மகள் பேசினாள்

போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் என் மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நடந்ததையும், ஆண்டவர் எங்களை அதிலிருந்து வெளியே கொண்டுவந்ததையும் உங்களிடம் சொல்லவேண்டும். சபையில் எழுந்து நின்று சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை. பக்கத்திலேயே சதுரங்கப்பட்டினத்தில் வாடகை வீடு. ஒரே மகள், ஜெனிபா. அவளுக்கு அடுத்து வயிற்றில் வந்த பிள்ளை ஐந்தாம் மாதம் தங்காமல் போய்விட்டது. துக்கம் கேட்க ஊரிலிருந்து வந்த ஒரு சொந்தக்கார அம்மா, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எதுலயோ நீ கீழ்ப்படியாம இருந்திருக்கட்டி. யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். சமைக்கும்போது, துணி காயப்போடும்போது, எந்நேரமும் அதே யோசனை. லெந்து தொடங்கிய அன்று ஒரு தீர்மானம் எடுத்தேன். இனி ஒரு கட்டளையையும் மீறமாட்டேன். பொய் கிடையாது, கோபம் கிடையாது, பொறாமை கிடையாது, வீண்பேச்சு கிடையாது. முழுசாகக் கீழ்ப்படிந்தால் ஆண்டவர் எனக்கு இன்னொரு பிள்ளையைத் தருவார் என்று நம்பினேன்.

முதல் சில நாட்கள் மனசு லேசாக இருந்தது. பிறகுதான் அது வந்தது.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுப் பெண் புதுப் புடவை கட்டிக்கொண்டு தெருவில் போனாள். நமக்கு இப்படி ஒன்று இல்லையே என்று ஒரு நொடி தோன்றியது. என் முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்: "இதுவும்."

திரும்பிப் பார்த்தேன். நல்ல வெயில். கொடியில் துணி அசையாமல் தொங்கியது. யாரும் இல்லை. சொன்ன குரல் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. என் குரல்.

அன்றிலிருந்து அது என்னைவிட்டுப் போகவில்லை. பால் பொங்கி வழிந்ததற்கு எரிச்சல்பட்டால், "இதுவும்." எதிர்வீட்டுக்காரி பேச்சுக்கொடுக்கும்போது வேலை இருக்கிறது என்று நழுவினால், "இதுவும்." சபையில் பாடும்போது, என் சாரீரம் இன்றைக்கு நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். பாட்டின் நடுவே காதோரம் வந்து சொன்னது. கத்தவில்லை, திட்டவில்லை. ஒரு தடவைகூட அது பொய் சொன்னதில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிறு, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து நேரத்தில் வரிசையிலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டேன். கணவர் பின்னாலேயே வந்தார்.

"என்ன எஸ்தர், உடம்புக்கு முடியலயா?"

"எனக்குத் தகுதி இல்ல, அத்தான்."

"உள்ள முழங்கால்ல நிக்கிறவங்களுக்கெல்லாம் இருக்கா?"

அவருக்கு அந்தக் குரலைப் பற்றித் தெரியாது. நான் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

எனக்குள் இருந்த பயம் மெதுவாக வீடு முழுக்கப் பரவியது. ஜெனிபா பல் தேய்க்காமலே தேய்த்தேன் என்று சொன்னால் முழங்காலில் நிற்கவைத்தேன். "நீ நெனைக்கிறதக்கூட ஆண்டவர் கேட்டுட்டு இருக்கார்" என்று மிரட்டினேன். பிள்ளை சிரிப்பதற்கு முன்னால்கூட என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். ஒருநாள் குளியலறையில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. எட்டிப் பார்த்தேன். பிரஷ்ஷால் நாக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். நுரையில் ரத்தம் கலந்திருந்தது. "ஏன்டி?" என்றேன். அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு என்னைத் தாண்டிப் போனாள்.

அடுத்த ஞாயிறு மதியம் சாப்பிட்டுத் தூங்கினாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் அவள் உதடு அசைந்தது. ஏதோ கனவு என்று குனிந்து கேட்டேன்.

"இதுவும்... இதுவும்... இதுவும்..."

அந்த வார்த்தையை நான் அவள் எதிரே சொன்னதே இல்லை. குரல் குழந்தையுடையதுதான். அந்த நிதானம் மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த நிதானம்.

தூங்கி எழுந்தவள் அதற்குப் பிறகு பேசவில்லை. பள்ளிக்கூடத்திலும் பேசவில்லை. தொண்டையில் ஒன்றும் கோளாறு இல்லை என்றார் டாக்டர். கணவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நான் உபவாசம் இருந்து ஜெபித்தேன். "எந்தக் கட்டளைய விட்டேன், காட்டும் ஆண்டவரே" என்று கேட்டேன். பதிலுக்கு அந்த ஒரே குரல்தான் வந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம், ஒரு மதியம். பள்ளிக்கு விடுமுறை. அடுப்படியிலிருந்து வந்து பார்த்தால் வாசல் கதவு திறந்து கிடந்தது. ஜெனிபாவைக் காணோம். செருப்பு மட்டும் இருந்தது. கணவரைக் கூப்பிட வழியில்லை, வேலை செய்யும் இடத்துக்குள் அவர் செல்போன் கொண்டுபோக முடியாது. நானும் வெறுங்காலோடு கடற்கரைப் பக்கம் ஓடினேன். காற்றே இல்லை. கடல் இருக்கிற இடம் தெரியாத அளவுக்கு ஒரு அமைதி. அப்படி ஒரு கடலை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

டச்சுக்காரன் காலத்துக் கோட்டைச் சுவரோரம் ஒரு அம்மா கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, பாப்பாவத் தேடினுகீறியா? தோ, கோட்டைக்குள்ள போச்சு. கூப்ட்டுப் பார்த்தேன், திரும்பவே இல்ல. பேச வராதா அதுக்கு?"

உள்ளே ஓடினேன். பழைய டச்சுக் கல்லறைகள் பக்கம் இல்லை. புல்வெளியில் இல்லை. கடைசியில் மிச்சம் இருந்தது, பழைய கிடங்கு. வளைந்த கூரை, நீளமான இருட்டு, வௌவால் நாற்றம். வெளியே அவ்வளவு வெயில், உள்ளே கால் குளிர்ந்தது. "ஜெனிபா!" என்று கத்தினேன். கூரை என் குரலிலேயே அவளைக் கூப்பிட்டது. அது அடங்கியதும் பதில் இல்லை.

அந்த நேரத்தில் என் மனசில் என்ன வந்தது தெரியுமா? இந்தப் பிள்ளையால் எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று வந்தது. உடனே இருட்டுக்குள்ளிருந்து, மிகப் பக்கத்தில்: "இதுவும்."

தரையில் விழுந்தேன். எனக்குத் தெரிந்த ஜெப வார்த்தை எதுவும் வரவில்லை.

"என்னால முடியல ஆண்டவரே! ஒரு நாள்கூட, ஒரு கட்டளகூட முழுசா முடியல. நான் நல்லவ இல்ல. என் பிள்ளய மட்டும் குடுத்துரும்!"

கூரை திருப்பிச் சொன்னது: "முடியல... முடியல..." அதே என் குரல்தான். இத்தனை நாள் என்னைக் குற்றம் சாட்டிய குரல் இப்போது என்னோடு சேர்ந்து மன்றாடியது. அது தேய்ந்து நின்ற பிறகு, மூலையிலிருந்து மெல்லிய சத்தம் வந்தது.

"என்னாலயும் முடியலம்மா."

இருட்டில் தவழ்ந்துபோய் அவளைப் பிடித்தேன். சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இங்க ஏன்டா செல்லம் வந்த?"

"யாருமே இல்லாத எடத்துல இருந்தா தப்பு வராதுல்ல. பேசாம இருந்தா பொய் வராதுல்ல. ஆனா இங்கயும் நெனப்பு வருதும்மா."

அந்தப் பிள்ளை சொன்ன அளவுக்கு எந்தப் பிரசங்கமும் என்னை உடைத்ததில்லை. எத்தனையோ நாளாக நான் அவளைக் கட்டிப்பிடிக்கவே இல்லை என்பது அவள் உடம்பு என் கைக்குள் வந்தபோதுதான் உறைத்தது. ஒன்றும் விடாமல் கட்டளைகளைக் காத்தேன் என்று நினைத்தேனே, பக்கத்தில் இருந்த பிள்ளையை நேசிக்க மறந்திருந்தேன். மன்னிப்பு தேவைப்படாத ஒரு ஆளாக ஆகிவிட்டால் போதும் என்று ஓடியிருக்கிறேன். அது ஆண்டவரே தேவையில்லை என்று சொல்வதுதான். சின்னச் சின்னத் தப்பாக எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, பாவம் என்றால் என்னவென்று அந்தக் கிடங்கின் தரையில்தான் புரிந்தது.

தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வழியெல்லாம் பேசினாள், வௌவாலைப் பற்றி, பசியைப் பற்றி. கருவாட்டுக்கார அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "இன்னா பேச்சு பேசுது! நான்கூட ஊமைன்னு நெனச்சிக்கினேன்" என்றார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு நானும் ஜெனிபாவும் சென்னையில் ஒரு மனநல டாக்டரிடம் பல மாதம் போய்வந்தோம். அந்தக் குரலுக்கு அவர் ஒரு பெயர் சொன்னார். எங்கள் போதகர் வேறொரு பெயர் சொன்னார். நான் இருவரோடும் வாதாடவில்லை. கிடங்கில் என் ஜெபத்துக்குப் பதில் வந்தது, அது மட்டும் எனக்கு நிச்சயம். கிடங்கில் விழுந்த சில நாளிலேயே, அந்த ஈஸ்டர் அன்று, திருவிருந்துக்குப் போனேன். தகுதி வந்துவிட்டது என்று போகவில்லை. பசித்தவள் சாப்பாட்டுக்குப் போவதுபோலப் போனேன்.

இன்னொரு பிள்ளை பிறக்கவில்லை. அதற்காக இன்னமும் சில நாட்களில் அழுகிறேன். கட்டளைகளை நான் தூக்கிப் போட்டுவிடவும் இல்லை. விழுகிறேன், மன்னிப்புக் கேட்கிறேன், எழுந்து நடக்கிறேன். ஜெனிபா பொய் சொன்னால் இப்போது அவளே ஓடிவந்து சொல்லிவிடுகிறாள். சில சமயம் நானும் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இதை வாசிக்கிற சகோதரியே, சகோதரனே, உங்கள் முதுகுக்குப் பின்னாலும் யாராவது கணக்கெடுத்துக்கொண்டிருந்தால், தனியாக நின்று அதைக் கேட்காதீர்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். ஆண்டவரிடம், முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சுத்தமான பிறகு வா என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. நான் விழுந்து கிடந்த இடத்துக்கே வந்தார். உங்களிடமும் வருவார்.