நடுக்குரல்

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்து, வியாகுல மாதா சுரூபத்தின் முன் நாங்கள் மூவரும் எங்கள் மாதா பாட்டைப் பாட நிற்கும்போது, அம்மாவின் தோள் என் தோளில் உரசி, அவள் குரலின் அதிர்வு என் எலும்புக்குள் இறங்கும். நடுவில் நிற்கும் அம்மா ராகத்தைப் பிடிப்பாள். அக்கா அதற்கு மேலே ஏறி அடியின் முடிவில் ஒற்றை இழையாக நீட்டுவாள். இருவருக்கும் கீழே நான், "அடிக்குரல்". மூன்றும் மூன்று வழியாகப் போய்க் கடைசிச் சொல்லில் ஒன்றுசேரும்போது, பெஞ்சுகளில் இருக்கும் சனம் விசிறுவதை நிறுத்திவிடும்.

எனக்கோ ராகம் பாட ஆசை. ஒருமுறை அம்மாவோடு சேர்ந்து ஏறிவிட்டேன். பாட்டு அப்படியே சரிந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா, "உனுக்கு எதுக்குடி மேல ஏர்ற வேல? மாடு மாரி ஒரே எடத்துல நில்லேன்" என்று சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "கீழ இருக்கறவ அசைஞ்சா நாங்க எங்கடி நிக்கிறது? எம் பக்கத்துக் காத அடைச்சிக்கினு பாடு" என்றாள். அன்றிலிருந்து அப்படித்தான் பாடினேன்.

அக்கா கல்யாணமாகி பிரான்சுக்குப் போனபின் அந்தப் பாட்டை நாங்கள் எடுக்கவில்லை. போன வருடம் அம்மா இறந்தபோது, பெட்டியை மூடுமுன், "ஒங்கம்மா பாட்ட ஒருவாட்டி பாடி அனுப்பும்மா" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். வாயைத் திறந்தேன். என் அடிக்குரல் மட்டுமே வந்தது. அம்மாவின் ராகம் எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்காமல் இருக்கத்தானே நான் பழகியிருந்தேன்.

இந்தத் தவக்காலத்தில் அக்கா ஒரு வீடியோ அனுப்பினாள். அவள் ஊர்க் கோவிலுக்கு வரும் போர்த்துகல் நாட்டுப் பெண்கள் மூவர், கருப்பு உடையில், தங்கள் கிராமத்துப் பாட்டைப் பாடுகிறார்கள். மொழி புரியவில்லை. ஆனால் ஒருத்தி தொடங்க, ஒருத்தி கீழே விரிக்க, ஒருத்தி உச்சிக்குப் போய் நீட்ட, மூவரும் ஒரே மூச்சில் நிறுத்தியபோது என் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கீழ்க்குரல்காரி அடுத்து எங்கே போவாள் என்று எனக்கு முன்பே தெரிந்தது. ஆண்டவர் ஒரே தொண்டையில் வைக்காமல் மூவருக்குப் பங்கிட்டுக் கொடுத்த அழகு அது.

உடனே அக்காவைக் கூப்பிட்டு, "அம்மாவோட ராகம் உனுக்காவது தெரியுமாக்கா?" என்றேன்.

"எனக்கு மேலதான்டி தெரியும். அம்மாதான் இருக்குதேன்னு வுட்டுட்டேன்."

போனிலேயே பாடிப் பார்த்தோம். மேலே அவள், கீழே நான், நடுவில் ஒன்றுமில்லை.

இப்போது எங்கள் கோவிலில் கீபோர்டோடு புதுப் பாட்டுகள் பாடுகிறார்கள். அவையும் நல்ல பாட்டுகள்தான். சென்ற வெள்ளிக்கிழமை எல்லாரும் போனபின் மாதாவின் முன் நின்று என் பங்கை மட்டும் பாடினேன். கதவு சாத்த வந்தவர், "இன்னாம்மா பாட்டு இது, ராகமே காணோம்?" என்று கேட்டார்.

"அது எங்கம்மா கிட்ட இருக்குதுங்க" என்றேன்.