குப்பம்மாவுக்குப் பள்ளியில் வைத்த பெயர்

1964 ஜூன் 8, திங்கட்கிழமை. விடிந்ததும் அம்மா வாசல் தெளித்தாள். அப்பா கடலூரிலிருந்து முதல் பஸ்ஸில் சிதம்பரம் நெல் மண்டிக்கு வேலைக்குப் போனார். நான் பழைய சோறு சாப்பிட்டு, இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டேன். எல்லாம் வழக்கம்போலத்தான். அன்று தங்கையையும் என் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் புதிது.

பெயரைக் கேட்டார் தலைமையாசிரியை. "குப்பம்மா" என்றாள் அம்மா.

அவர் பக்கத்து டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா? பொட்டப்புள்ளன்னா இவங்களுக்குக் குப்பை. ஏம்மா, பெத்தவதானே நீ? வேற பேரே கெடைக்கலியா?"

"அப்படி இல்லீங்க டீச்சர். இவளுக்கு முன்னாடி ரெண்டு..."

"போதும், போதும். புஷ்பான்னு எழுதிட்டேன்." என் பக்கம் திரும்பினார். "வீட்லயும் அப்படியே கூப்புடு. உங்கம்மாவுக்கும் சொல்லிக்குடு."

ஏன் இந்தப் பெயர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குப் பின் பிறந்த தம்பிகள் இருவரும் பல் முளைக்குமுன் போய்விட்டார்கள். இருவருக்கும் ராஜா வீட்டுப் பெயர்கள். அவர்களுக்குப் பின் தங்கை பிறந்ததும் அம்மா அவளை முறத்தில் கிடத்தி, குப்பைமேட்டில் வைத்து எடுத்து, யாரும் ஆசைப்படாத ஒரு பெயரை வைத்தாள். படித்த அந்த அம்மையாருக்கு அது அலட்சியமாகத் தெரிந்தது. எங்கள் வகுப்பில் செல்வராணி என்றொருத்தி இருந்தாள். அவள் அப்பா பெல்ட்டால் அடித்த தழும்புகள் கையில் தெரியும். அவரைப் பார்த்து, பெற்றவர்தானா நீ என்று யாரும் கேட்டதில்லை. பெயர்தான் அழகாக இருந்ததே!

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போதே "புஷ்பா!" என்று கத்தினேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"பள்ளிக்கூடத்துல மட்டும் இருந்துட்டுப் போவட்டுமே" என்றார் அப்பா.

"அங்க கூப்ட்டா மட்டும் அவன் காதுல வுழாதா?" என்று அம்மா அழுதாள்.

எவன் என்று எனக்கு விளங்கவில்லை. எதிர்வீட்டுக்காரராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அம்மா வாசல் தெளிக்கப் போகவில்லை. முதல் வேலையாக, தூங்கும் தங்கையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்: "அடியே குப்பம்மா, எழுந்திருடி!"